பாயிரமும் முன்வரைவும்: இளங்கலை ஆய்வேட்டுத் திட்டம் பற்றிய திறனாய்வு

இளங்கலை வகுப்பின் இறுதியில் மாணவர் எழுதும் ஆய்வேட்டினைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முடிவையே நோக்குகின்றனர். பக்கம் எத்தனை, பிழை எத்தனை, வாய்மொழித் தேர்வில் மாணவர் எங்ஙனம் விடையிறுத்தார் என்பனவே பேச்சாகின்றன. அவ்வேடு தொடங்குமுன் மாணவர் துறைக்கு அளிக்கும் நான்கைந்து பக்க முன்வரைவினைத் திறனாய்வுக்கு உரிய எழுத்தாகக் கொள்வார் அரியர். அது நிரப்பப்படும் படிவம். கையொப்பம் பெற்றபின் மறக்கப்படுவது. ஆயினும் ஏடு பழுதாவது பெரும்பாலும் அதனை எழுதுங்கால் நிகழ்வதன்று. திட்டமிடுங்காலத்தே பழுது புகுந்துவிடுகின்றது. ஆதலின் முன்வரைவு என்னும் அவ்வெழுத்து வகையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பொதுப்படக் கூறிச் செல்லின் எவர்க்கும் பயன்படாதாகையால், ஓர் ஊரினை எடுத்துக்கொண்டு, அவ்வூர் மாணவர் ஒருவர் எழுதக்கூடிய முன்வரைவுகளை முன்வைத்துப் பேசுவோம். அவ்வூர் சங்கரன்கோவில்.

2019 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தென்காசி மாவட்டத்திலும் அமைந்த இவ்வூரை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சங்கரநாராயணர் கோயிலும் கோமதியம்மையின் ஆடித்தபசு விழாவும் இவ்வூரைத் தென்னாடு முழுதும் அறியச் செய்தன. ஊருக்குள் விசைத்தறிகள் ஓடுகின்றன, பூச்சந்தை நடைபெறுகின்றது, சுற்றிலும் கரிசல் நிலம், அணித்தே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். ஆய்பொருளுக்குக் குறைவில்லை. ஆயின் பெருநூலகமோ ஆவணக் காப்பகமோ அருகில் இல்லை. இவ்வட்டாரக் கல்லூரிகள் 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குவன. அப்பல்கலைக்கழகத்து நூலகத்தையேனும் பாளையங்கோட்டைக் கல்லூரி நூலகங்களையேனும் காண விரும்பும் மாணவர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பேருந்தில் செல்லல் வேண்டும். தமிழ் இளங்கலை பயிலும் மாணவருள் மிகப் பலரது நிலை இதுவே. சென்னையிலோ மதுரையிலோ பயில்வாரை மனத்திற்கொண்டு வகுத்த படிவத்தை இவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கின்றனர்.

இப்பொருள் இன்று முன்னினும் இன்றியமையாததாகிவிட்டது. இளங்கலைக்கும் முனைவர்ப் பட்டத்திற்கும் இடையே முன்னர் ஆய்வியல் நிறைஞர்ப் பட்டம் நின்றது. ஆய்வுத் திட்டம் எழுதக் கற்பதும், எழுதித் தவறுவதும், தவற்றைத் திருத்திக்கொள்வதும் அப்பட்டத்தில் நிகழ்ந்தன. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்ட விதிகள் அப்பட்டத்தை நிறுத்தின. அவ்வாண்டு திசம்பரில் அக்குழுவே வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டச் சட்டகம், மூவாண்டுப் பட்டத்திற்கு 120 தகுதிப்புள்ளிகளும் நான்காண்டுச் சிறப்புநிலைப் பட்டத்திற்கு 160 புள்ளிகளும் வகுத்தது. முதல் ஆறு பருவங்களில் நூற்றுக்கு 75 பெற்றோர் நான்காம் ஆண்டில் 12 புள்ளிகளுக்கு ஆய்வேடு எழுதி, ஆய்வுடன் கூடிய சிறப்புநிலைப் பட்டம் பெறலாம் என்றது. தமிழ்நாட்டரசு அக்கல்விக் கொள்கையை ஏற்க மறுத்தமையின் ஈண்டு மூவாண்டுப் பட்டமே பெருவழக்காய் உள்ளது. ஆகவே நம் மாணவர்க்குக் கிடைப்பது, பல பாடத்திட்டங்களில் ஆறாம் பருவத்தில் வைக்கப்பெற்றுள்ள ஒரு திட்டக்கட்டுரையே. படிக்கட்டின் நடுப்படி எடுக்கப்பட்டுவிட்டது, கீழ்ப்படியும் குறுகியது. அக்குறுகிய படியிற் காலூன்றக் கற்றாலன்றி நாளை முனைவர்ப் பட்ட ஆய்வில் தடுமாற்றமே எஞ்சும்.

அந்த 75 என்னும் வரம்பினைப் பற்றியும் ஒரு சொல். தேர்வில் மிகுதி எண் பெறுவாரே ஆய்வுக்கு உரியர் என்பது எண்ணிக் கண்ட முடிவாகத் தோன்றவில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை 60 பெற்றிருக்கலாம். தறிச் சொற்களை ஆய அப்பிள்ளையினும் தகுதியுடையார் வகுப்பில் வேறெவரும் இல்லாதிருக்கலாம். இவ்வகையில் எல்லா மாணவர்க்கும் திட்டக்கட்டுரை வைக்கும் நம் மூவாண்டு முறை, குறுகியதாயினும், நேரியது. ஈழத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுதல் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் இளங்கலை நிலையிலும் ஆய்வு இயலும் என்பதற்குப் போதிய சான்றாகும்.

நிற்க, முன்வரைவு என்பது யாது? தமிழ் மாணவர்க்கு இதனை விளக்கப் பிறநாட்டு நூல்களைத் தேட வேண்டுவதில்லை. நன்னூலார் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை எண்ணினார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்றார். இன்றைய படிவத்தில் உள்ள தலைப்பு, முன்னாய்வு, ஆய்வெல்லை, ஆய்வுப் பொருள், ஆய்வுக் களம், ஆய்வின் பயன் என்பன அனைத்தும் இவற்றுள் அடங்கிவிடும். ஆதலின் நம் துறைகள் முன்வரைவினைப் பாயிரமாகவே எண்ணி வளர்த்தமை வியப்பன்று.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. பாயிரம் நூல் முடிந்தபின் செய்யப்படுவது. செய்வாரும் நூலாசிரியர் அல்லர். அவர்தம் ஆசிரியரோ, உடன் கற்றாரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்வர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதே அவ்விதியின் கருத்து. தொல்காப்பியப் பாயிரத்தைப் பனம்பாரனார் செய்தார். அவர் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பர். முடிந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எல்லை கூறினார், பயன் கூறினார், பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் நூல் கேட்பிக்கப்பெற்ற செய்தியும் கூறினார். (வாய்மொழித் தேர்வுக்கு அஞ்சும் மாணவர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரும்.) முன்வரைவோ தொடங்காத நூலைப் பற்றியது, எழுதுவார் மாணவரே. அவர் கையில் இருப்பது அறியாமை ஒன்றே. அதனை அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் முன்வரைவுகளின் தலையாய குற்றம், தொடங்காத ஆய்வுக்குப் பாயிரம் பாடுவது. முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகின்றது. பயன் முன்பே பறைசாற்றப்படுகின்றது. தமிழுலகு பெறப்போகும் நன்மை முதற்பக்கத்திலேயே வந்துவிடுகின்றது. அறியாதது எது என்பதற்கு மட்டும் படிவத்தில் இடமில்லை.

இனி, மாணவர் ஒருவர் 'சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயில் – ஓர் ஆய்வு' என்னும் தலைப்பில் முன்வரைவு தருகின்றார் என்று கொள்வோம். இயல் பகுப்பினை நாம் பாராமலே கூறிவிடலாம்: ஊரும் பேரும், தலவரலாறு, கோயில் அமைப்பு, விழாக்கள், கோயிலும் சமுதாயமும். சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் சிவனும் திருமாலும் ஆகிய இருவருள் பெரியவர் யாவர் என வழக்கிட்டமையும், அம்மை தவமிருக்க இறைவன் இருவரும் ஒருவராய்க் காட்சி தந்தமையும், உக்கிரபாண்டியன் கோயில் எழுப்பியமையும், புற்றுமண் திருமருந்தாக வழங்கப்படுதலும் ஏட்டில் வரிசையாக இடம்பெறும். இவையனைத்தும் கோயில் வாயிலில் விற்கும் சிறு நூலில் உள்ளன. வாயிலில் அமர்ந்து பூவிற்கும் பாட்டியும் கூறுவார். மாணவர் செய்வது படியெடுத்தல். அதற்கு ஆய்வு என்னும் பெயர் மிகை.

இத்தகைய தலைப்பினை எடுப்போர் தொ. பரமசிவனாரின் 'அழகர் கோயில்' என்னும் நூலை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முனைவர்ப் பட்டத்திற்கு அவர் எழுதிய அவ்வேட்டினை 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. பரமசிவனார் பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராய் இருந்தவராதலின் அவர் நூலுக்கு இவ்வட்டாரத்தில் தனிச்செல்வாக்கு உண்டு. செல்வாக்கு நன்று, படிவமாகக் கொள்ளுதல் தீது. அந்நூலின் உயிர்நிலை அதன் இயல் பகுப்பன்று. வைணவப் பெருங்கோயில் ஒன்றற்கும், அதனைச் சூழ்ந்து வாழும் பல சமூகத்தார்க்கும் இடையே உள்ள உறவு எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு நிலைபெறுகின்றது என்னும் வினாவே அதன் உயிர். அவ்வினாவிற்காக அவர் பல ஆண்டு நடந்தார். இயல் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்ப்பெயரை மாற்றிவிடுவோர்க்கு அவர் நடந்த நடை கிட்டாது.

ஆயின் சங்கரன்கோவில் மாணவர் தம் கோயிலைத் தொடவே கூடாதா? தொடலாம், கோயில் முழுவதையும் எடுத்தல் கூடாது. ஆடி விழாவில் வேண்டுதல் உடையோர் கோயிலை நூற்றுக்கு மேற்பட்ட முறை சுற்றிவருவர். அதனை 'ஆடிச்சுற்று' என வழங்குவர். ஓயாது சுற்றுவோர் எண்ணிக்கை தவறாதிருக்க எதனைக் கையாள்கின்றனர்? தமக்காகச் சுற்றுவோர் எத்துணையர், பிறர்க்காகச் சுற்றுவோர் எத்துணையர்? வேண்டுதலை எச்சொற்களால் கூறுகின்றனர்? முன்னரே நிறைவேறியதற்குச் சுற்றுவோர் பேச்சும், இனி நிறைவேறவேண்டுவதற்குச் சுற்றுவோர் பேச்சும் ஒன்றா? இவை சிறு வினாக்கள். விடை எவரிடமும் ஆயத்தமாக இல்லை, கேட்டால் கிடைக்கும். அதுபோன்றே, தபசுக் காட்சியின்போது உழவர் தம் நிலத்து விளைபொருள்களைச் சூறைவிடும் வழக்கமும் ஒரு தனி ஆய்வுக்குப் போதும். கரிசலில் பயிர் மாறும்போது சூறைவிடும் பொருளும் மாறுகின்றதா என ஒருவர் ஐம்பது உழவரை வினவினால், அவ்வேடு நிலவரலாற்றுக்கும் உதவும்.

ஈண்டு ஒரு நடைமுறை இடர் உளது. அதனைப் பெரும்பாலான முன்வரைவுகள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடித்தபசு ஆடித்திங்கள் உத்திராட நாளில் நிகழ்வது. அஃதாவது சூலை, ஆகத்து மாதங்களில். ஆறாம் பருவமோ திசம்பரில் தொடங்கி ஏப்பிரலில் முடிவது. சனவரியில் ஒப்புதல் பெற்ற திட்டம் ஏப்பிரலில் ஏடாக வேண்டும். இடைப்பட்ட நாளில் ஆடி வாராது. மாணவர் என் செய்வார்? நாளிதழ்ச் செய்திகளை வெட்டி ஒட்டுவார். சென்ற ஆண்டுகளின் நினைவைக் கள ஆய்வென எழுதுவார். நேர்மையற்றவராயின் காணாத உரையாடலைக் கண்டதாகப் புனைவார். அப்பொய்க்கு மாணவரை மட்டும் குறைகூறல் முறையன்று. ஆடி விழாவினைப் பற்றிய திட்டத்தைத் தைத்திங்களில் ஒப்பிய துறைக்கும் அதில் பங்கு உண்டு. நன்னூல் கூறும் காலம், களம் என்பவற்றை நாம் ஏட்டலங்காரமாகக் கொண்டோமேயன்றிப் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்தோமில்லை. விழாவினை ஆய விழையும் மாணவர் நான்காம் பருவ இறுதியிலேயே முன்வரைவு தந்து, ஐந்தாம் பருவத்துத் தொடக்கத்தில் விழாவினைக் கண்டு பதிவு செய்து, ஆறாம் பருவத்தில் எழுதலாம். இதற்கு விதி எதனையும் திருத்த வேண்டியதில்லை. துறைக்கூட்டம் ஒன்று போதும்.

இரண்டாவதாகப் பூலித்தேவரைப் பற்றிய திட்டத்தைக் காண்போம். 'வரலாற்றில் பூலித்தேவர்' என்பது மாணவர்க்குத் தோன்றும் முதல் தலைப்பு. 1755-இல் கும்பினிப் படையொடு பொருதமையும் 1761-இல் யூசுபுகானால் கோட்டை வீழ்ந்தமையும் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் முதலாகப் பலவற்றில் பேசப்பட்டுள்ளன. அவற்றை ஆராயவேண்டின் கும்பினியின் ஆங்கில ஆவணங்களைக் கற்றல் வேண்டும். இளங்கலைத் தமிழ் மாணவர்க்கு ஒரு பருவத்தில் அஃது இயலாது. சிறைப்பட்டுச் செல்லும் வழியில் சங்கரன்கோவிற் கோயிலுள் வழிபடப் புகுந்த பூலித்தேவர் அங்கேயே மறைந்தார் என்பது இவ்வட்டாரத்து வழக்கு. உண்மையில் நிகழ்ந்தது யாது என்னும் வினாவிற்கு மாணவரால் விடைகாண முடியாது, வரலாற்றறிஞர்க்கே அரிது. அம்மறைவினை இன்று எவரெவர் எவ்வாறு சொல்கின்றனர் என்னும் வினாவிற்கு விடைகாண்டல் எளிது. கோயிலைச் சார்ந்தோர் சொல்லும் கதைக்கும் நெற்கட்டும்செவலார் சொல்லும் கதைக்கும் வேறுபாடு உண்டா? ஒளி தோன்றியது, சங்கிலி அறுந்தது போன்ற கூறுகள் எவர் வாயில் வருகின்றன, எவர் வாயில் வருவதில்லை? பத்துப் பேர் சொல்லும் பத்து வடிவங்களைச் சொன்னவாறே எழுதி ஒப்பிட்டாலே ஏடு நிரம்பும். நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' முதலிய கதைப்பாடல்களின் முன்னுரைகளைக் கற்ற மாணவர்க்கு, வரலாற்றுச் செய்தியையும் மக்கள் நினைவையும் பிரித்துக் காணும் பயிற்சி ஓரளவு வாய்க்கும். பல்கலைக்கழகப் பதவி எதுவுமின்றி 1967-இல் நெல்லை ஆய்வுக்குழுவினைத் தோற்றுவித்து, பட்டம் பெறாதோரையும் ஆய்வுரை எழுதச் செய்தவர் அவர். இத்தகைய பொருளில் சாதிப்பெருமையும் சாதிக்காழ்ப்பும் எளிதிற் புகுமாதலின் நெறியாளர் உடனிருந்து காத்தல் வேண்டும். அவ்வளவே இத்தலைப்பிற்கு.

நம் நெஞ்சிற்கு மிக உவந்தது மூன்றாவது பொருள். அஃது எவரும் முன்வரைவாகத் தாராதது. அதுவே தறி. இவ்வூர் மாணவருள் பலர் விசைத்தறி ஓசையைக் கேட்டே வளர்ந்தவர். ஆயினும் தமிழ்த்துறைக்குள் புகுந்தவுடன் தறி ஆய்பொருளாக அவர்க்குத் தோன்றுவதில்லை. நாவலில் வரும் நெசவாளரை ஆய்வர். வீட்டிற்கு அடுத்த தறிக்கூடத்து நெசவாளரை ஆயார். பாவு, ஊடை, நாடா, தார், அச்சு, விழுது, படைமரம், மிதி என்னும் கைத்தறிச் சொற்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்தவை. விசைத்தறி வந்தபோது இவை என்னாயின? கைத்தறியில் நெசவாளர் காலால் மிதித்தார். விசைத்தறியில் அவ்வேலையைப் பொறி செய்கின்றது. அவ்வாறாயின் 'மிதி' என்னும் சொல் பொறியின் உறுப்பொன்றற்குப் பெயராயிற்றா, அன்றி மறைந்ததா? ஆங்கிலப் பெயர்கள் வந்தபோது பழம்பெயர் அடியோடு நீங்கிற்றா, அன்றி வீட்டிலே ஒன்றும் தறிக்கூடத்திலே ஒன்றுமாக இரண்டும் வழங்குகின்றனவா? பழுது நீக்க வரும் இளைஞர் கூறும் பெயரும், பாவு புனையும் பெண்டிர் கூறும் பெயரும் ஒன்றா? மொழி மாற்றத்தின் நுண்ணிய விதிகளை நேரிற் காணத்தக்க இடம் இதனினும் சிறந்தது மாணவர்க்கு எங்கே வாய்க்கும்?

தெலுங்கு நாட்டில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொழிற்சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து, உழவுச் சொற்களை 1962-இலும் கைத்தறிச் சொற்களை 1971-இலும் தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டார். தமிழில் அத்துணைப் பெருமுயற்சி நிகழவில்லை என்பது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் சங்கரன்கோவிலுக்கு அயலதாகிய கோவில்பட்டி வட்டாரத்து இடைசெவலில் வாழ்ந்த கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பையும் நிறைவு செய்யாத உழவர், நண்பர் சிலர் துணையோடு வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றனைத் தொகுத்து 1982-இல் வெளியிட்டார். அவரால் இயன்றது மூன்றாண்டு தமிழ் பயின்றாரால் இயலாதென்பதை நாம் ஏற்கமாட்டோம்.

இப்பொருளில் நாம் காண விரும்பும் முன்வரைவு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "எங்கள் தெருவில் முன்னர்க் கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் நெய்தவர் மூவர் உளர், விசைத்தறி மட்டுமே அறிந்த இளைஞர் பலர் உளர். தறியின் உறுப்புகளுக்கும் வேலைகளுக்கும் இவ்விரு தலைமுறையினர் ஒரே பெயர் வழங்குகின்றனரா என்பதை அறியேன். அறிய விரும்புகின்றேன். அறுபது உறுப்புகளையும் வேலைகளையும் முன்னரே பட்டியலிட்டு, மூத்தோர் மூவரையும் இளையோர் மூவரையும் அவற்றின் பெயர் வினவுவேன். சொல்லைக் கூறிப் பொருள் கேளேன். உறுப்பைச் சுட்டிப் பெயர் கேட்பேன். பெயர்கள் பெரிதும் மாறியிருக்கும் என எண்ணுகின்றேன். மாறாதிருப்பின் அதனையே எழுதுவேன். தறி ஓடும்போது ஒலிப்பதிவு இயலாதாகையால் மின்தடை நேரத்திலும் தேநீர் வேளையிலும் செல்வேன். முதல் நான்கு வாரம் பட்டியல். அடுத்த ஐந்து வாரம் வினாவல். எஞ்சிய நாள் எழுதுதல். கைத்தறிப் பெயர்கள் முன்னரே நூல்களில் தொகுக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பாளையங்கோட்டைக்கு இருமுறை சென்று நூலகங்களில் காண்பேன்." இவ்வளவே. ஒரு பக்கத்திற்கு மேல் வேண்டுவதில்லை. இதில் 'அறியேன்' என்னும் சொல் வந்திருத்தலைக் காண்க. அதனால் இஃது உண்மையான முன்வரைவாகின்றது.

இதனோடு ஒப்பிட்டு, வழக்கமான படிவத்தின் உறுப்புகள் சிலவற்றைக் காணலாம். முதலாவது கருதுகோள். 'இக்கோயில் மக்கள் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது', 'இப்புதினம் சமுதாயச் சிக்கல்களைச் சித்திரிக்கின்றது' என்பன கருதுகோள் என எழுதப்படுகின்றன. இவை பொய்யாதல் எக்காலத்தும் இல்லை. ஆகவே இவற்றை மெய்ப்பித்தலும் வேண்டா. எதனைக் கண்டால் இக்கருத்தைக் கைவிடுவாய் என நெறியாளர் வினவல் வேண்டும். விடை கூறமாட்டாத மாணவரிடம் இருப்பது கருதுகோள் அன்று, நல்லெண்ணம். அணுகுமுறை என்னும் உறுப்போ இதனினும் இரங்கத்தக்கது. 'விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை, வரலாற்று முறை ஆகியன இவ்வாய்வில் பின்பற்றப்படுகின்றன' என்னும் தொடரை எழுதாதார் இல்லை. நான்கு குதிரையை ஒரு வண்டியில் நான்கு திசைக்குப் பூட்டினால் வண்டி நகராது. உறுப்பைச் சுட்டிப் பெயர் கேட்பேன் என்னும் ஒரு தொடர், இந்நான்கு பெயரினும் மிகுதியாக அணுகுமுறையை விளக்கிவிடுகின்றது.

முன்னாய்வு பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 'இப்பொருளில் இதுகாறும் எவரும் ஆய்வு செய்யவில்லை' என்னும் கூற்று நம் முன்வரைவுகளில் மிகுதி. தேடாதார்க்கு எல்லாம் புதியனவே. ஊர், கோயில், விழா பற்றிய ஆய்வியல் நிறைஞர் ஏடுகள் பல்கலைக்கழகத் துறைகளின் நிலைப்பெட்டிகளில் அடுக்கடுக்காக உள்ளன, அச்சேறாதவை, பெயர்ப்பட்டியலும் பலவிடத்து முழுமையாக இல்லாதவை. அப்பட்டம் நின்றுவிட்டமையால் அவ்வரிசை இனி வளராது. இருப்பதும் பேணுவாரின்றிக் கரையானுக்கு இரையாகும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை திரட்டியவற்றையேனும் இவ்வட்டார மாணவர் காணாது முன்வரைவு எழுதுதல் ஆகாது. இணையத்தில் தேடி, கிடைத்த பத்திகளை ஒட்டுவது முன்னாய்வு காண்டல் அன்று. இன்று பொறியே பத்தி எழுதித் தரும் காலம் வந்துவிட்டமையால் இதனை அழுத்திச் சொல்கின்றோம். தலபுராணச் சுருக்கத்தைப் பொறி நொடியில் எழுதும். சங்கரன்கோவிலில் இன்று ஒரு தறிக்காரர் மிதியை எப்பெயரால் அழைக்கின்றார் என்பதை அதற்கு எவரேனும் முன்னர்ச் சென்று கேட்டு எழுதியிருந்தாலன்றித் தெரியாது. பழைய வகைத் தலைப்புகள் இனிச் செல்லா என்பதற்கு இஃது ஒன்றே போதுமான காரணம்.

களஆய்வு விரும்பாது நூலாய்வு விரும்பும் மாணவரும் உளர்; அவரை வலிந்து தெருவிற்கு அனுப்புதல் தகாது. அவர்க்கும் இவ்வூரிலேயே பொருள் உண்டு. உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த சிற்றிலக்கியங்களுள் இவ்வூர் இறைவன்மேற் பாடப்பெற்ற சங்கரலிங்க உலாவும் ஒன்று. அளவிற் சிறியது, ஒரு பருவத்தில் மும்முறை கற்கலாம். உலாவின் இலக்கணம் பொருந்துமாறு காட்டுதல் பயனில்லை. அது தேர்வு விடை. அந்நூல் அறியும் ஊர் எது, இன்றைய ஊர் எது எனத் தெருவில் நின்று நூலைப் படித்தல் நன்று. நூலில் ஊரைப்பற்றிய செய்தி குறைவாயின், அக்குறைவும் ஒரு முடிவே.

இனி நெறியாளர் கடமை. முப்பது, நாற்பது மாணவர் உள்ள வகுப்பிற்கு மூன்று நான்கு ஆசிரியர் நெறியாளராயின், ஒவ்வொரு முன்வரைவினையும் பொறுமையாகப் படித்தல் அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. இவ்விடர்ப்பாட்டிற்கு அஞ்சியே பல துறைகள் தலைப்புப் பட்டியலைத் தாமே வகுத்து மாணவர்க்குப் பகிர்ந்தளிக்கின்றன. பகிர்ந்தளித்தல் ஒழுங்கு தரும், வினாவைத் தராது. அதற்கு மாறாக, ஒரே தறிப்பொருளை எண்மர் பகுத்துக்கொள்ளலாம். ஒருவர் பாவு வேலைச் சொற்கள், ஒருவர் ஊடை வேலைச் சொற்கள், ஒருவர் சாயச் சொற்கள், ஒருவர் கூலிக்கணக்குச் சொற்கள் என்றாங்கு. நெறியாளர் ஒரு துறையை மட்டும் கற்றால் போதும். ஐந்தாண்டில் ஒரு சொற்றொகுதி உருவாகும். கிருஷ்ணமூர்த்தியின் தொகுதிகளும் பலர் திரட்டக் கூடியவையே.

வினாவச் செல்லும் மாணவர்க்கு ஒழுகலாறும் கற்பித்தல் வேண்டும். விசைத்தறியில் கூலி நெய்த அளவுக்கு. மாணவர் கவர்ந்துகொள்ளும் அரைமணி நேரம் நெசவாளரின் கூலியிற் குறையும். ஆகவே வேலை நேரத்திற் சென்று நிற்றல் கூடாது. "அண்ணாச்சி, இதுக்கு என்ன பேரு?" என்று நெல்லைப் பேச்சிலேயே கேட்டல் வேண்டும், படிவத்தமிழில் வினவினால் படிவத்தமிழிலேயே விடை வரும், மாணவரை மகிழ்விக்க அவர் அறிந்த நூற்சொல்லைத் தேடிக் கூறுவர், ஆய்வு கெடும். பெயரினை ஏட்டில் இடலாமா எனக் கேட்டறிதலும் முறை. இவற்றையெல்லாம் முன்வரைவிலேயே ஒரு பத்தியில் எழுதச் சொல்லின், மாணவர் சென்று நிற்குமுன் எண்ணிப் பார்ப்பர்.

ஏடு முடிந்தபின் அதன் படிகள் எங்கே போகும் என்பதும் திட்டத்தின் பகுதியே. தேர்வு முடிந்த ஏடுகள் துறையின் ஒரு மூலையில் கட்டிவைக்கப்பட்டுச் சில ஆண்டில் எடைக்குப் போகின்றன. ஒரு படி கல்லூரி நூலகத்தில் எண்ணிட்டு வைக்கப்படல் வேண்டும். ஒலிப்பதிவின் படி பல்கலைக்கழகத் துறைக்கு அனுப்பப்படல் வேண்டும். சொல் தந்த நெசவாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி, கட்டமைப்பு எளிதாயினும், கையிற் கொடுக்கப்படல் வேண்டும். அறுபது சொல் கொண்ட அச்சிற்றேட்டிற்கு ஆறு படி எடுக்க ஆகும் செலவு பெரிதன்று. அதனையும் முன்வரைவின் இறுதியில் எழுதி, அவ்வாண்டுத் துறைச் செலவில் ஏற்றிவிடலாம்.